அழைப்பும் மனுவும்: சென்னைக் காலநிலைத் திட்டத்தின் முன்கதை

1

'பொதுமக்கள் தங்கள் கருத்துகளைத் தெரிவிக்கலாம்' என்கிற வாக்கியத்தை நாம் யாரும் ஒரு பிரதியாக வாசிப்பதில்லை. ஏல அறிவிப்புக்கும் பெயர்மாற்ற விளம்பரத்துக்கும் நடுவே அது பாட்டுக்குக் கிடக்கும். கண் அதைத் தாண்டிப் போய்விடும். ஆனால் அதிகாரம் தன் எதிரில் நிற்பவரை யாராக நினைக்கிறது என்பதை இந்த ஒற்றை வாக்கியம் காட்டிக்கொடுக்கிற அளவுக்கு வேறெதுவும் காட்டிக்கொடுப்பதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த வாக்கியத்துக்கு ஒரு வரலாறு உண்டு. சென்னையை வைத்து அந்த வரலாற்றைக் கொஞ்சம் தோண்டிப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

2022 செப்டம்பரில் பெருநகர சென்னை மாநகராட்சி, நகரத்துக்கான காலநிலைச் செயல்திட்ட வரைவைத் தன் இணையதளத்தில் ஏற்றியது. சி-40 என்கிற உலகப் பெருநகரங்களின் கூட்டமைப்பின் துணையோடு தயாரானது அது. 2050க்குள் கரிமச் சமநிலை என்பது இலக்கு. மின்சாரம், கட்டடங்கள், போக்குவரத்து, குப்பை, வெள்ளமும் தண்ணீர்ப் பஞ்சமும், எளிதில் பாதிக்கப்படக்கூடிய மக்கள் என ஆறு துறைகள். வரைவு தரும் எண்கள் சாதாரணமானவை அல்ல. ஐந்தாண்டுகளில் கடல்மட்டம் 7 சென்டிமீட்டர் உயர்ந்தால் 100 மீட்டர் அகலக் கடற்கரை ஆபத்துக்குள்ளாகும். 2100க்குள் நகரப் பரப்பில் 16 விழுக்காடு, அதாவது 67 சதுர கிலோமீட்டர், நிரந்தரமாக நீருக்கடியில் போகலாம். 215 குடிசைப்பகுதிகள் அதில் சிக்கும் என்றது அந்த ஆவணம்.

பொதுமக்கள் கருத்துச் சொல்ல செப்டம்பர் 26 கடைசி நாள் என்றார்கள். இரண்டு வாரம்கூடத் தேறாது. வரைவு ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. கருத்தை மின்னஞ்சலில் அனுப்பலாம். அந்த 215 பகுதிகளில் எத்தனை வீட்டில் அந்த ஆவணத்தைத் திறந்து படித்திருக்க முடியும்? சூழல் ஆர்வலர்களும் பத்திரிகைகளும் சத்தம் போட்டபிறகு கெடு நீண்டது, தமிழ் வடிவமும் வந்தது. 2023 ஜூனில் இறுதித் திட்டம் வெளியானது.

'அதான் தமிழ்ல குடுத்துட்டாங்களே, அப்புறம் என்ன?' என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். மொழிபெயர்ப்போடு தீர்ந்துவிடுகிற பிரச்சினை என்றால் எழுதவே வேண்டியதில்லை. 2020இல் மத்திய அரசின் சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் வந்தபோதும் இதே வழக்குதான் நடந்தது. எட்டாவது அட்டவணை மொழிகள் எல்லாவற்றிலும் தரவேண்டும் என்று தில்லி உயர்நீதிமன்றம் சொல்ல, மத்திய அரசு அதை எதிர்த்து உச்சநீதிமன்றம்வரை போனது. மக்களிடம் கருத்துக் கேட்கிறேன் என்று சொல்லும் அரசு, மக்களுக்குப் புரிகிற மொழியில் கேட்கமாட்டேன் என்று வழக்காடியது. இதைக் கவனக்குறைவு என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. அழைப்பு யாருக்கு என்பது ஏற்கெனவே தீர்மானமாகியிருக்கிறது என்பதற்கான தடயம் இது.

2

சென்னை மாநகராட்சி பிறந்த கதையே ஓர் அழைப்பின் கதைதான்.

கிழக்கிந்தியக் கம்பெனி கோட்டைக்கு வடக்கே இருந்த கறுப்பர் நகரத்துக்கு மதில் கட்ட நினைத்தது. செலவை அங்கு குடியிருந்தவர்கள் தலையில் வரியாகப் போட்டது. 1686இல் அதற்கு எதிர்ப்புக் கிளம்பியது. மிரட்டலும் சமரசமுமாக அது அடங்கியது என்றாலும், கட்டளை போட்டு மட்டும் இந்த ஊரில் வரி வாங்கிவிட முடியாது என்பது கம்பெனிக்குப் புரிந்துபோனது. லண்டனில் கம்பெனியை ஆண்டுகொண்டிருந்த சர் ஜோசையா சைல்ட் ஒரு வழி கண்டுபிடித்தார். அவருடைய வாதத்தின் சாரம் இவ்வளவுதான்: நாம் விதித்தால் சிறுதொகை தரவும் முரண்டுபிடிப்பார்கள், தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொள்வதாக நினைத்தால் பல மடங்கு மனமொப்பித் தருவார்கள். 1687 டிசம்பரில் சாசனம் வந்தது. 1688 செப்டம்பர் 29 அன்று மாநகராட்சி தொடங்கியது. மேயரும் பன்னிரண்டு ஆல்டர்மேன்களும். ஆல்டர்மேன்களில் கம்பெனி ஊழியர்களோடு போர்ச்சுகீசியர், யூத வணிகர், மூன்று இந்துக்கள் என ஊரின் பணக்காரத் தலைக்கட்டுகள் அமர்த்தப்பட்டார்கள். அங்கி, செங்கோல், ஊர்வலம் எல்லாம் உண்டு. அப்படியும் வரி லேசில் வசூலாகவில்லை என்பது தனிக்கதை.

ஆசியாவிலேயே பழைய மாநகராட்சி என்று நாம் பெருமையடித்துக்கொள்கிற நிறுவனத்தின் கருவில் இருப்பது இந்தத் தந்திரம். பங்கேற்பு என்பது இங்கே சுமையை ஏற்கச் செய்யும் உத்தியாகப் பிறந்தது. மதில் வேண்டுமா வேண்டாமா என்று யாரும் கேட்கவில்லை. அது முடிந்துபோன சங்கதி. அதற்கான செலவைச் சிரித்த முகத்தோடு ஏற்பது எப்படி என்பதில்தான் குடியிருப்போரின் 'பங்கு' தேவைப்பட்டது. அந்தப் பங்கையும் அவர்கள் சார்பில் வகித்தது சாதித் தலைவர்களும் வணிகர்களும். கூலிக்காரர்கள், படகோட்டிகள், பறைச்சேரிக்காரர்கள் இந்தக் கணக்கிலேயே இல்லை.

அல்துஸ்ஸர் 1970இல் எழுதிய கருத்தியல் பற்றிய கட்டுரையில் வரும் உதாரணம் நம் வாசகர்களுக்குத் தெரிந்ததே. தெருவில் போகிறவனைப் போலீஸ்காரர் 'ஏய், உன்னைத்தான்' என்று கூப்பிடுகிறார், அவன் திரும்புகிறான், திரும்பிய கணத்தில் அவன் அந்த அதிகாரத்தின் தன்னிலையாகிவிடுகிறான். நாகரிகமான நகராட்சி அழைப்பிலும் இந்த விளித்தல் இருக்கிறது. 'பொதுமக்களே, கருத்துத் தாருங்கள்' என்றால், திரும்பிப் பார்ப்பவர் அதற்குமுன் நடந்த எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டவராகத் திரும்புகிறார். அழைக்கப்படாதவரோ திரும்பினாலும் அவருக்கு அங்கே இடமில்லை.

3

அழைப்புக்கு எதிர்த்திசையில் இன்னொரு வரலாறு ஓடுகிறது. அது மனுவின் வரலாறு. மனு என்பது அழைக்காமலே போய் நிற்பது.

1852இல் சென்னைச் சுதேசி சங்கம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பியது. காஜுலு லட்சுமிநரசு செட்டி அதன் முதன்மையான ஆள். நிலவரி வசூலிக்கக் குடியானவர்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற புகார் எழுந்து, 1854இல் சித்திரவதை விசாரணைக் குழுவைப் போடவேண்டிய நிலைமைக்கு அரசு தள்ளப்பட்டது. குழுவின் அறிக்கை 1855இல் வெளியானது. அந்தக் குழுவுக்கு வந்த புகார்கள் 1,959. அவற்றில் கடிதங்கள் 1,440. நேரில் வந்து சொன்னவர்கள் 519 பேர். ரயில் இல்லாத காலம். நூறு இருநூறு மைல் நடந்து வந்து தங்கள் உடம்பைக் காட்டிப் பேசியவர்கள் அதில் இருந்தார்கள்.

அந்த 519 என்ற எண் எனக்கு முக்கியமாகப் படுகிறது. காலனிய அரசின் நல்லெண்ணத்தைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. குழுவின் முடிவுகள் வெள்ளை அதிகாரிகளைக் காப்பாற்றி, பழியைக் கீழ்நிலைச் சுதேசி ஊழியர்மீது போட்டன என்பதும் வரலாறுதான். ஆனால் அங்கே ஒரு வாசல் இருந்தது. எழுதத் தெரியாதவர் போய் நிற்கவும், தன் பேச்சில் சொல்லவும், சொன்னதை எதிரில் ஒருவர் எழுதிக்கொள்வதைப் பார்க்கவும் முடிந்தது. மின்னஞ்சல் முகவரிக்கு வாசல் கிடையாது. அனுப்பியது போய்ச் சேர்ந்ததா, யாராவது திறந்தார்களா, என்ன நினைத்தார்கள் என்று எதுவும் தெரியாது. 'நன்றி, தங்கள் கருத்து பரிசீலிக்கப்படும்' என்று ஓர் எந்திரம் பதில் போட்டால் அது அதிர்ஷ்டம்.

மனுவை அடக்கித் தன் சட்டத்துக்குள் கொண்டுவரும் வேலையை நவீன அரசு பிறகு செய்தது. 1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. 1971இன் தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. பெருந்திட்டம் தயாரித்தால் அரசிதழிலும் நாளேடுகளிலும் அறிவிக்கவேண்டும், எவரும் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம், அதற்கு இரண்டு மாதத்துக்குக் குறையாத அவகாசம் தரவேண்டும் என்கிறது அது. 'எவரும்' என்ற சொல்லைக் கவனிக்கவேண்டும். சொத்து உள்ளவர், பட்டா உள்ளவர் என்ற நிபந்தனை இல்லை.

அதே 1971இல் இன்னொரு சட்டமும் வந்தது: தமிழ்நாடு குடிசைப்பகுதிகள் மேம்பாடு மற்றும் அகற்றல் சட்டம். ஒரு சட்டம் நகரத்தின் எதிர்காலத்தைப் பற்றிப் பேச எவரையும் அழைக்கிறது. மற்றது நகரத்தில் ஒரு சாராரின் இருப்பையே 'மேம்படுத்த அல்லது அகற்ற'த்தக்க பொருளாக்குகிறது. சென்னையில் 1971இல் 1,202 பகுதிகள் குடிசைப்பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. 1985இல் மேலும் 17. அதற்குப்பிறகு பல பத்தாண்டுகளாகப் புதிய அறிவிப்பு இல்லை. அறிவிக்கப்பட்டால் சட்டத்தின் பாதுகாப்பாவது கொஞ்சம் உண்டு. அறிவிக்கப்படாதவர்கள் வெறும் 'ஆக்கிரமிப்பாளர்கள்'.

பார்த்தா சாட்டர்ஜி 2004இல் வெளியான தன் நூலில் குடிமைச் சமூகம், அரசியல் சமூகம் என்று பிரித்துக் காட்டுவார். உரிமையுள்ள குடிமக்களாக அரசோடு பேசுகிறவர்கள் சிலர். ஆளப்படுகிற மக்கள்தொகையாக, சலுகைக்கும் பேரத்துக்கும் உரியவர்களாக நடத்தப்படுகிறவர்கள் பலர். அவர் பிரித்த கோடு சென்னையில் 1971இன் இந்த இரண்டு சட்டங்களுக்கு நடுவே ஓடுகிறது. காலநிலைத் திட்டத்துக்கோ முதல் சட்டத்தின் பாதுகாப்புகூட இல்லை. அது சட்டபூர்வமான பெருந்திட்டம் அல்ல. அதனால்தான் இரண்டு மாதம் இரண்டு வாரமாக முடிந்தது. யாரும் கேள்வி கேட்க முடியவில்லை.

4

நம் மொழியிலேயே இந்தக் கோடு பதிந்திருக்கிறது. அடுக்ககத்தில் இருப்பவர் 'குடியிருப்போர்'. அவருக்குக் குடியிருப்போர் நலச் சங்கம் உண்டு, ஆணையரைப் பார்க்க நேரம் வாங்க முடியும். கூவம் கரையில் மூன்று தலைமுறையாக இருப்பவர் 'குடிசைவாசி'. பெரும்பாக்கத்துக்கு லாரியில் ஏற்றப்பட்டவுடன் அவர் 'மறுகுடியமர்த்தப்பட்டவர்'. வீடு ஒதுக்கீட்டு ஆணையில் 'பயனாளி'. இப்போது காலநிலைத் திட்டத்தில் 'எளிதில் பாதிக்கப்படக்கூடிய மக்கள்'. ஒரே ஆள்தான். குடி என்ற வேர்ச்சொல் இத்தனை பெயர்களிலும் வந்து வந்து போகிறது, குடியிருப்போர் என்ற பெயர் மட்டும் அவருக்குக் கிடைப்பதில்லை. குடியிருப்போரை அழைக்கிறோம் என்று ஒரு திட்டம் சொன்னால், யாரை என்று கேட்டாகவேண்டும்.

'ஊர் கூடித் தேர் இழுப்போம்' என்று அதிகாரிகள் மேடையில் சொல்லும்போதும் எனக்கு இதே சந்தேகம். ஊர் என்பதில் சேரி சேர்த்தியில்லை. வடத்தைத் தொடும் உரிமைக்காகக் கண்டதேவியில் 1998 முதல் தலித் மக்கள் எத்தனை ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது என்பதை நாம் மறந்துவிடக்கூடாது. தேர் எந்தத் தெரு வழியாகப் போகும், எந்தத் தெருவுக்குள் போகாது என்பதும் முன்பே முடிவானது.

இனி ஆபத்தின் வரலாற்றுக்கு வருவோம். காலநிலைச் சொல்லாடலில் ஆபத்து எப்போதும் எதிர்காலத்தில் இருக்கிறது: 2030, 2050, 2100. ஆனால் சென்னையில் கடல் ஊருக்குள் வருவது புதிதல்ல. 1876இல் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். 1881 புயலில் அது சிதைந்தது, மீண்டும் கட்டினார்கள். கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலைத் துறைமுகச் சுவர் தடுத்தது. தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து நாம் பெருமைப்படும் மெரினா அகன்றது. வடக்கே மணல் வரத்து நின்று ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் கரையைக் கடல் அரித்துத் தின்றது. தெருத்தெருவாக வீடுகள் போயின. வடசென்னை மீனவருக்குக் கடலேற்றம் என்பது 2100இல் வரப்போகும் செய்தி இல்லை. நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கிற விஷயம். துறைமுகத்துக்கு முன் அவர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

நீருக்கும் இதே கதை. மாம்பலத்தின் நீண்ட ஏரியை வற்றவைத்து 1920களில் தியாகராய நகர் எழுந்தது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 1960களில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் இருந்தது என்கிறார்கள். குப்பைமேடு, கணினி நிறுவன வளாகங்கள், சாலைகள் எனத் தின்றது போக மிச்சமிருந்த பகுதியில் சுமார் 1,247 ஹெக்டேர் 2022 ஜூலையில் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதே சதுப்பை ஒட்டிய பகுதியில்தான் கண்ணகி நகர் 2000வாக்கிலும், சுனாமிக்குப்பிறகு செம்மஞ்சேரியும், அடுத்துப் பெரும்பாக்கமும் எழுப்பப்பட்டன. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப்பின் அடையாறு, கூவம் கரையிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் 'வெள்ள ஆபத்திலிருந்து காப்பாற்ற' என்று சொல்லி அங்கே கொண்டுபோகப்பட்டன. மழை வந்தால் செம்மஞ்சேரியில் முழங்கால் தண்ணீர். ஆற்றங்கரையிலிருந்து தூக்கிச் சதுப்பில் போட்டதற்குப் பெயர் பாதுகாப்பு. அதே சதுப்பில் கண்ணாடிக் கட்டடம் எழுந்தால் வளர்ச்சி. ஆற்றோரத்தில் ஓலைக்குடிசை இருந்தால் நீர்நிலை ஆக்கிரமிப்பு.

இங்கேதான் காலநிலைத் திட்டத்தின் வரைபடங்கள் எனக்குப் பயத்தைத் தருகின்றன. 215 குடிசைப்பகுதிகள் ஆபத்தில் இருக்கின்றன என்பது உண்மையாகவே இருக்கலாம். அந்த உண்மை யார் கையில் போய் என்னவாக மாறும் என்பதுதான் கேள்வி. '2100இல் மூழ்கும் பகுதி' என்ற வண்ணப்பூச்சு நாளைக்கே ஓர் அகற்றல் ஆணைக்குக் காரணமாகலாம். 2015க்குப்பின் நடந்தது அதற்கு முன்னோட்டம். எண்ணூரில் நடந்தது இன்னொரு வகை. 1996இல் ஒப்புதல் பெற்ற கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் இருந்த கழிமுக நீர்ப்பரப்பு, பின்னர் வந்த வேறொரு வரைபடத்தில் காணாமல் போயிருந்தது. தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாக அது 2017வாக்கில் அம்பலமானது. தண்ணீர் இருந்த இடத்தில் தொழில்வளாகத்துக்கு நிலம் முளைத்தது. வரைபடம் ஏழைக்கு ஆபத்தைக் கூட்டும், முதலாளிக்கு ஆபத்தை அழிக்கும். வரைந்தவர் யார், சரிபார்த்தவர் யார் என்று கேட்பது அதனால் நுட்ப விஷயம் அல்ல, அரசியல்.

5

பங்கேற்பு பற்றிப் பேசுகிறவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவது ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969இல் வரைந்த ஏணி. அமெரிக்க அரசின் நகர்ப்புறத் திட்டங்களில் வேலை பார்த்தவர் அவர். ஏணியில் எட்டுப் படிகள். அடியில் ஏமாற்றுவதும் 'சிகிச்சை' அளிப்பதும். நடுவில் தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது, சமாதானப்படுத்துவது. இந்த மூன்றும் ஒப்புக்குச் செய்பவை என்கிறார். மேலே கூட்டாண்மை, ஒப்படைக்கப்பட்ட அதிகாரம், குடிமக்கள் கட்டுப்பாடு. கருத்துக் கேட்பது நாலாவது படி. கேட்ட கருத்து முடிவை மாற்றும் என்ற உத்தரவாதம் இல்லாதவரை அது ஒரு சடங்கு என்பது அவர் சொல்ல வந்தது.

ஏணியின் மேற்படிகள் கற்பனை அல்ல. பிரேசிலில் போர்ட்டோ அலெக்ரி நகரத்தில் 1989 முதல் தொழிலாளர் கட்சி நகராட்சி வரவுசெலவுத் திட்டத்தின் ஒரு பகுதியைப் பேட்டைக் கூட்டங்களின் முடிவுக்கு விட்டது. கேரளத்தில் 1996இல் மக்கள் திட்டம் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு உள்ளாட்சிகளுக்குப் போனது. கிராம சபைகளில் ஜனங்கள் உட்கார்ந்து பட்டியல் போட்டார்கள். இரண்டிலும் குறைகள் உண்டு, கட்சி அரசியல் உண்டு, பின்னால் சரிவும் வந்தது. ஆனால் மக்களிடம் கொடுத்தது பணத்தைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை. சென்னையில் கேட்டது அபிப்பிராயம். இந்த வித்தியாசத்தைப் பூசி மெழுகக்கூடாது.

நம்மிடம் அமைப்பே இல்லை என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் 1993 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. மூன்று லட்சம் மக்கள்தொகைக்கு மேற்பட்ட நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்றது. ஏரியா சபைகளுக்கான விதிகள் தமிழ்நாட்டில் 2022இல்தான் வந்தன. சென்னையிலோ 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரித் தேர்தல்வரை கவுன்சிலர்களே கிடையாது. வெள்ளமும் புயலும் தொற்றுநோயும் வந்துபோன காலம் முழுக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாமல் அதிகாரிகள் ஆண்டார்கள். மன்றம் அமைந்து ஆறு மாதத்தில் காலநிலை வரைவு வெளியாகிறது. முதல் ஏரியா சபைக் கூட்டங்கள் 2022 நவம்பர் 1 அன்று நடக்கின்றன. முதலமைச்சரே பம்மலில் கலந்துகொள்கிறார். செப்டம்பரில் மின்னஞ்சல், நவம்பரில் சபை. இரண்டு மாதம் பொறுத்து, வரைவை வார்டு வார்டாக அந்தச் சபைகளில் வைத்துப் படித்துக் காட்டியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? சபை உறுப்பினர்கள் நியமனம் செய்யப்பட்டவர்கள், தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்ல என்ற குறை இருக்கத்தான் செய்கிறது. இருந்தாலும் அது ஒரு வாசல். 1854இல் இருந்த மாதிரியான வாசல்.

அழைக்காமல் விடுவதால் நீதி மட்டும் போவதில்லை, அறிவும் போகிறது. வாடை எப்போது திரும்பும், கொண்டல் எப்படி அடிக்கும், கச்சான் வந்தால் மீன் எங்கே ஒதுங்கும், கரை எந்த மாசத்தில் எத்தனை அடி உள்ளே வரும் என்ற கணக்கெல்லாம் கடற்கரைக் குப்பங்களில் தலைமுறையாக இருக்கிறது. எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும் என்று துப்புரவுப் பணியாளருக்குத் தெரியும். உச்சிவெயிலில் எந்த நிழலில் ஒதுங்கலாம், எங்கே ஒதுங்க விடமாட்டார்கள் என்று தள்ளுவண்டிக்காரருக்குத் தெரியும். எங்கள் பகுதியில் மீன் விற்கும் ஓர் அம்மா இந்தத் திட்டத்தைப் பற்றிச் சொன்னபோது என்னிடம் கேட்டது: 'கடலு ஏறும்னு எங்களுக்கே சொல்றாங்களா தம்பி? நாங்கதான் அவங்களுக்குச் சொல்லணும்.' பாதிக்கப்படக்கூடியவர் என்று வகைப்படுத்திய உடனே ஒருவர் அறிந்தவர் என்ற நிலையிலிருந்து இறக்கப்பட்டுவிடுகிறார். இதைத்தான் அறிவதிகாரம் என்கிறோம்.

6

வரைவுக்கும் இறுதித் திட்டத்துக்கும் நடுவில், 2023 ஏப்ரலில், மெரினாவை ஒட்டிய லூப் சாலையில் மீன்கடைகளை மாநகராட்சி அகற்றியது. உயர்நீதிமன்றம் தானாக எடுத்த வழக்கு அதன் பின்னணி. மீனவர்கள் மீனைச் சாலையில் கொட்டி உட்கார்ந்தார்கள். அங்கே அது முதல்முறை அல்ல. 1985 இறுதியில் மெரினாவை அழகுபடுத்துகிறேன் என்று கட்டுமரங்களையும் வலைகளையும் அள்ளியபோது போராட்டமும் துப்பாக்கிச்சூடும் நடந்தன, உயிர்கள் போயின. அதே 1985 ஜூலையில், பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கிலும் அதோடு சேர்த்து விசாரிக்கப்பட்ட சென்னைக் குடிசைகள் வழக்கிலும், வாழ்வாதாரம் உயிர்வாழும் உரிமையில் அடங்கும், அகற்றுவதற்குமுன் அவர்கள் தரப்பைக் கேட்கவேண்டும் என்று உச்சநீதிமன்றம் சொல்லியிருந்தது. அகற்றலை அந்தத் தீர்ப்பு நிறுத்தவில்லை. ஆனாலும் கேட்கப்படுவது உரிமை என்று ஒரு வார்த்தை சட்டத்தில் விழுந்தது. கருத்துக் கேட்பு என்கிற இன்றைய சடங்கில் அந்த உரிமை சலுகையாகச் சுருங்கியிருக்கிறது.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப்பின் மணலி சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது, முதல் நாட்களில் வாளியும் குவளையுமாக அதை அள்ளியவர்கள் மீனவர்கள். 2024 டிசம்பரில் அதே எண்ணூரில் 660 மெகாவாட் அனல்மின் நிலைய விரிவாக்கத்துக்குப் பொதுக் கருத்துக்கேட்பு நடந்தது. ஜனங்கள் எழுந்து எழுந்து வேண்டாம் என்றார்கள். 2050இல் கரிமச் சமநிலை என்று ஒரு கை எழுதுகிறது, இன்னொரு கை நிலக்கரிக்குக் கூட்டம் போடுகிறது. காலநிலைத் திட்டத்தைப் பற்றி எண்ணூர் மக்களின் கருத்து என்னவென்று தெரிய வேண்டுமானால் மின்னஞ்சல் பெட்டியைத் திறக்க வேண்டாம். அந்தக் கூட்டத்தின் பதிவேட்டைப் படித்தால் போதும். அவர்கள் சொல்லாமல் இல்லை. சொன்ன இடம் வேறு, அவ்வளவுதான்.

இப்படியிருக்க, இந்த அழைப்புகளை என்ன செய்வது? தோழர்கள் நடுவே இரண்டு நிலைப்பாடுகளைப் பார்க்கிறேன். புறக்கணிக்கவேண்டும், போனால் அவர்கள் நடத்தும் நாடகத்துக்கு நாம் ஆள்சேர்த்தது ஆகிவிடும் என்பது ஒன்று. போகவேண்டும், போகாவிட்டால் குடியிருப்போர் நலச் சங்கங்களின் குரல் மட்டும் 'பொதுமக்கள் கருத்து' என்று பதிவாகும் என்பது மற்றது. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டுமே அழைப்பின் வடிவத்தை அப்படியே ஏற்றுக்கொண்டு, போவதா வேண்டாமா என்று மட்டும் கேட்கின்றன. அழைப்பை மனுவாக மாற்றுவது சாத்தியம் என்று நான் நினைக்கிறேன்.

அதாவது, தனித்தனி மின்னஞ்சலாகப் போடாமல் தெருவாக, குப்பமாக, தொழிற்சங்கமாகச் சேர்ந்து, தமிழில் எழுதி, நேரில் போய்க் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குவது. அதில் சிலவற்றைக் கேட்பது. வந்த ஒவ்வொரு கருத்தையும், ஏற்றதா தள்ளியதா, ஏன் என்ற காரணத்தோடு வெளியிடவேண்டும். ஆபத்து வரைபடங்களை வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டி, அந்தந்தப் பகுதி ஆட்களோடு நடந்துபோய்ச் சரிபார்க்கவேண்டும். இத்திட்டத்தின் எந்தப் பக்கத்தையும் காட்டி எந்தக் குடும்பத்தையும் அதன் சம்மதமின்றி அகற்றமாட்டோம் என்று எழுதித் தரவேண்டும். திட்டத்தின் பணத்தில் ஒரு பங்கையாவது ஏரியா சபைகள் முடிவுசெய்ய விடவேண்டும். ஏழைகளின் வீடு ஆபத்துக் கணக்கில் வருகிற அதே ஆவணத்தில், அனல்மின் நிலையமும் சுத்திகரிப்பு ஆலையும் சதுப்பு நில வளாகங்களும் ஆபத்தை உண்டாக்கியவை என்ற கணக்கில் வரவேண்டும்.

இவை ஒன்றும் புரட்சிகரமான கோரிக்கைகள் அல்ல. ஆர்ன்ஸ்டைனின் ஏணியில் இன்னும் ஒன்றிரண்டு படி, அவ்வளவே. ஆனால் இதைச் செய்யச் சந்தர்ப்பம் வரப்போகிறது. சென்னையின் மூன்றாவது பெருந்திட்டத்துக்கான வேலைகள் 2022இலேயே தொடங்கிவிட்டன. அதன் வரைவுக்குச் சட்டம் 'எவரும்' என்று சொல்லியிருக்கிறது, இரண்டு மாதம் தந்திருக்கிறது. காலநிலைத் திட்டத்தில் வெறும் பரிந்துரையாக இருப்பவை அங்கே நில உபயோக விதிகளாக மாறும்போது, யார் எங்கே குடியிருக்கலாம் என்பது அடுத்த இருபது வருஷத்துக்குத் தீர்மானமாகிவிடும். அந்த இரண்டு மாதம் தொடங்குவதற்கு முன்பே குப்பங்களிலும் ஆற்றங்கரைகளிலும் பெரும்பாக்கத்திலும் மனுக்கள் எழுதப்பட்டிருக்கவேண்டும். எழுதத் தெரிந்த நாம் அங்கே போய் உட்கார்ந்து, அவர்கள் சொல்லச்சொல்ல எழுதித்தரலாம். 1855இல் அந்தக் குழுவின் எழுத்தர்கள் செய்த வேலைதான் அது. நம் பத்திரிகைகளில் ஆளுக்கொரு கட்டுரை எழுதுவதைவிட அதற்குப் பயன் அதிகம்.